நான் கட்டிய ஒரே மோசமான சுவர்

கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். மூவரும் டிப்ளமா படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை அன்றைக்கு நாற்றுமுடி தூக்கப் போய்விட்டேன். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் மலர்க் குழு திருத்திக்கொள்ளட்டும். சுவரில் பிழை என்று என்னிடம் யாரும் வந்ததில்லை, ஒரே ஒரு சுவரைத் தவிர. சங்கத்தில் சில பேர் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவது எனக்குத் தெரியும். காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எனவே அதையே எழுதிவிடுகிறேன்.

செல்லூர் கருப்பன் மேஸ்திரி என்றால் தெரியாதவர்கள் இந்த மலரைப் படிக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் சொல்கிறேன். மதுரைக்குள் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் நான் கட்டிய காம்பவுண்டுச் சுவர் ஒன்று ஜன்னலோரம் வந்துவிடும். எந்தச் சுவரில் காதுகுத்துப் போஸ்டரும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருக்கிறதோ அது என் சுவர். மட்டம் அப்படி. பள்ளிக்கூடம், அரிசி ஆலை, ஆஸ்பத்திரி என்று நாற்பது வருடம் மனிதர்களை வெளியே நிறுத்துவதற்காக உழைத்திருக்கிறேன். அதில் பெரிய வேலை ஒரு பல்கலைக்கழக வளாகம். பெயர் வேண்டாம். சுற்றளவு மட்டும் சொல்கிறேன், ஒரு முறை சுற்றி வந்தால் செருப்பு தேயும்.

இப்போது காலம் திரும்பிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கும் தெருவுக்கும் நடுவில் சுவரே கூடாதாம். ஓரம் திறந்திருக்க வேண்டுமாம். நடந்து போகிறவன் நிழலில் உட்கார்ந்து எழுந்து போக வேண்டுமாம். இதைத் தெரிந்துகொள்ள வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். நான் கட்டிய சூடு ஆறுவதற்குள் அந்தச் சுவரில் ஓட்டை போட்டார்களே, அவர்கள் எந்த நாட்டில் படித்தார்கள் என்று தெரியவில்லை.

என் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. திருவாதவூரில் என் அப்பாவுக்கு நிலம் என்று இருந்தது அவர் நின்ற இடம் மட்டும்தான், அதுவும் அடுத்தவர் வயலில். பதினாலு வயதில் மதுரைக்கு வந்து செங்கல் தூக்கினேன், கலவை தூக்கினேன். கரண்டியைத் தொட்டால் கையில் அடி விழும். அடித்தவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நான் கட்டிப் பழகினேன். திரும்பி வந்தவர்கள் யார் கட்டியது என்று கேட்பார்கள். அவர்கள் கட்டியதைவிட நேராக இருந்ததால் வந்த சந்தேகம் அது. இருபத்தைந்து வயதில் நானே மேஸ்திரி. டிப்ளமாக்காரர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள், பாவம்.

பல்கலைக்கழகத்து எஸ்டேட் இன்ஜினியர் தேவசகாயம் ஐயா. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன். சலவைச் சட்டை, குரல் உயராது. மற்ற இன்ஜினியர்கள் கத்துவார்கள். நாமும் பதிலுக்குக் கத்திவிட்டுச் சேர்ந்து டீ குடிக்கலாம். இவரிடம் அந்த வசதி கிடையாது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி வைத்திருப்பார். கட்டிய மூன்றாம் நாள் காலையில் வருவார். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே கலவைச் சந்தில் ஸ்போக்கை வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. உள்ளே போகவில்லை என்றால் அடுத்த இடம். நகக்கண் அளவு போய்விட்டால், ஸ்போக்கை எடுத்து, நுனியில் ஒட்டிய பொடியை ஊதி, கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைப்பார். பிறகு “மேஸ்திரி” என்பார். அவ்வளவுதான். அந்த வரிசைக்கு மேலே கட்டியது முழுவதையும் நாமே பிரித்துவிட வேண்டும். மூன்று மேஸ்திரிகள் வேலையை விட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை, என் சுவரில் ஸ்போக் போகவில்லை. மூன்று மைல் சுவரில் ஒரு இடத்தில்கூடப் போகவில்லை. இதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம், நல்ல திடமாகத்தான் இருக்கிறார்.

சுவர் ஏழடி. தலையில் கண்ணாடிச் சில்லு பதிக்க வேண்டும் என்று உத்தரவு. அப்போது வளாகத்துக்குள் மதுவிலக்கு மன்றம் ஒன்று நடந்தது. அதற்குச் செயலாளரும் தேவசகாயம் ஐயாதான். இருமல் மருந்துப் பாட்டில் போதுமா என்று என்னிடம் கேட்டார். அம்புட்டு பாட்டில் சேர வேண்டுமானால் மதுரையே ஒரு வருடம் உட்கார்ந்து இரும வேண்டும் என்றேன். கடைசியில் சாராயக் கடை வாசலிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிய பிறகுதான் உடைக்க வேண்டும் என்று இரண்டு சித்தாள்களை அதற்கென்றே நிறுத்திவிட்டார். ஆக, கல்வியின் தலைமேல் பிராந்தி. ஆனால் பெயர் தெரியாத பிராந்தி.

சுண்ணாம்பு காயவில்லை, பின்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது.

இடம் புரிய வேண்டும். முன்பக்கம் மெயின் ரோடு, பஸ் ஸ்டாப், பெரிய கேட். பின்பக்கம் தறிச் சந்து. பகல் முழுவதும் விசைத்தறி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சந்திலிருந்து வளாகத்துக்குப் பெருக்க வருகிறவர்கள், ஹாஸ்டல் துணியைத் தேய்க்க வாங்கிப் போகிறவர்கள், சந்தில் வாடகைக்கு இருந்த மாணவர்கள், நல்ல டீ தேடிப் போகிற பேராசிரியர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, குனிந்து போகிற மாதிரி ஒரு ஓட்டை. கேட்டைச் சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். நடைபாதை என்று ஒன்று கிடையாது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி தோளை விசாரித்துவிட்டுப் போகும். ஓட்டை வழியாக இரண்டே நிமிடம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஐயா ஆள் அனுப்புவார், நான் போய் அடைப்பேன். ஒரு சட்டி சிமெண்டுக்குப் பத்துச் சட்டி மணல் போட்ட கலவை, மேலே மட்டும் அழகான பூச்சு. பார்த்தால் புதுச்சுவர் மாதிரி இருக்கும், முழங்காலால் தள்ளினால் உட்கார்ந்துவிடும். ஆடி பிறக்கும்போது ஓட்டையும் திறந்துவிடும். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால் வருடா வருடம் ஓட்டை விழுந்தால் வருடா வருடம் என்னைக் கூப்பிடுவார்கள். ஐயா அந்த அடைப்பில் மட்டும் ஒரு நாளும் ஸ்போக் வைத்ததில்லை. ஏன் வைக்கவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

இப்படியே முப்பது வருடத்துக்கு மேல் போனது. பிறகு ஒரு புதுப் பதிவாளர் வந்தார். வந்த மறுநாள் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, சுவருக்குள்ளிருந்து முதலில் ஒரு வாளி வந்தது, அடுத்து ஒரு விளக்குமாறு வந்தது, கடைசியாக ஒரு தலை வந்தது. தலைக்குச் சொந்தக்காரி ஆரோக்கியமேரி. தறிச் சந்துக்காரி, நூலகத்தைப் பெருக்குகிறவள். ஒரு முழங்கால் சரியாக மடங்காது என்பதால் எப்போதும் சாமான்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவாள். “குட்மார்னிங் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பதிவாளருக்கு அந்தக் குட்மார்னிங்தான் தாங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது பதிவாளரும் தேவசகாயம் ஐயாவும் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். போன வருடம் நான் அடைத்ததில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் ஐயா பையிலிருந்து ஸ்போக்கை எடுத்தார். வைத்தார். அழுத்தக்கூட இல்லை, ஸ்போக்கின் கொக்கி முனை வரைக்கும் போய்விட்டது. எடுத்தார், ஊதினார், துடைத்தார், மடித்தார்.

“மேஸ்திரி, இது நீங்க கட்டுனதா? இல்ல, ஒங்க பேரச் சொல்லி வேற யாராவது கட்டுனதா?”

முப்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. செருப்பால் அடித்திருந்தால் வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? கட்டித்தான் காட்ட வேண்டும்.

கட்டினேன். ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. இருபுறமும் சேர்த்து முப்பது அடிச் சுவரைப் பிரித்துப் போட்டேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினேன், கரிசல் மண் முழுவதும் தாண்டி, கடப்பாரை போட்டால் கை அதிரும் கெட்டித் தரை வரும் வரைக்கும், நாலரை அடி. அடியில் ஜல்லிக் கான்கிரீட், மேலே கருங்கல், அதன்மேல் கம்பி கட்டிச் சுவர் நீளத்துக்கும் கான்கிரீட் பெல்ட். ஆறடிக்கு ஒரு தூண். செங்கலை ஒன்றோடு ஒன்று தட்டி, மணி மாதிரி கேட்டால்தான் எடுப்பேன்; மற்றதைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றுக்கு நாலு கலவை. ஈரச் சாக்கு போட்டுப் பதினாலு நாள் தண்ணீர் விட்டேன். சும்மா ஒரு ஓட்டையை அடைக்கச் சொன்னவர்களுக்கு நான் கோட்டை கட்டிக் கொடுத்தேன்.

கம்பி கட்டிக்கொண்டிருந்த மூன்றாம் நாள், சந்துப் பக்கத்திலிருந்து ஆரோக்கியமேரி வாளியோடு வந்து நின்றாள். பிரித்த இடம் வழியாக அன்றைக்கு வரைக்கும் வரலாம் போகலாம்.

“என்னண்ணே, இந்த வருசம் கம்பியெல்லாம் போடுறீக?”

“ஐயா ஆர்டரு.”

“பழையபடி பூசி விட்டுட்டுப் போக வேண்டியதுதானே.”

“எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்லத்தா.”

கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஒங்க பேரு நல்லா இருக்கட்டும்ணே. என் முட்டிக்கு என்ன வழி?” என்று கேட்டுவிட்டு, வாளியை முன்னால் அனுப்பாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே தாண்டிப் போனாள். நான் கட்டுக்கம்பியை முறுக்குவதில் மும்முரமாக இருப்பது போல் இருந்தேன்.

முடித்த மூன்றாம் நாள் ஐயா வந்து பதினாலு இடத்தில் ஸ்போக் வைத்தார். எதிலும் போகவில்லை. தலையை ஆட்டினார். எனக்கு ஒரு வாரம் வரைக்கும் நடை மாறியிருந்தது. அந்த வருடமே ஐயா ஓய்வு பெற்றார், நானும் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஆறு வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கார் அனுப்பினார்கள். கார் என்றால் கார், நான் கேட்கவில்லை. வளாகத்து ஓரத்தைத் திறக்கப் போகிறார்கள். சுவருக்கு அடியில் எங்கே குழாய் போகிறது, எங்கே கேபிள் போகிறது என்பதற்கு வரைபடம் இல்லை. ஆகவே கருப்பன் மேஸ்திரியைக் கேட்க வேண்டும். வரைபடம் இருந்திருக்கிறது, கரையான் படித்து முடித்துவிட்டது.

திட்டத்தை வரைந்தது நிவேதா என்ற ஆர்க்கிடெக்ட் பெண். முப்பது வயது இருக்கும். வெயிலில் தொப்பி போட்டு நிற்கிற, வேலை தெரிந்த பெண்தான். குறை சொல்ல மாட்டேன். மெயின் ரோட்டுப் பக்கம் ஏழடிச் சுவரை எடுத்துவிட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு உட்காருகிற திண்டு, அகலமான நடைபாதை, புங்கமரம், ராத்திரிக்கு விளக்கு. படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். மதுரை வெயிலில் சிரித்துக்கொண்டு நடக்கிறவர்களை எங்கே பிடித்தார்களோ.

பின்பக்கம்? பின்பக்கம் படத்தில் சுவர் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். ஆள் வைத்து ஒரு மாதம் எண்ணினார்களாம். எந்தப் பக்கம் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று. பின்பக்கம் ஒருவர்கூட வரவில்லையாம். ஏழடிச் சுவர் வழியாக யாரும் நடந்து வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க முப்பது நாள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். எங்கே வழி வேண்டும் என்பது என் ஒட்டுவேலையிலேயே எழுதியிருந்தது; முப்பது வருடம் அந்த ஒரே இடத்தில்தான் ஜனங்கள் ஓட்டை போட்டார்கள்.

அந்தப் பெண் முகம் சுருங்கிவிட்டது. அவளை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். நூலகத்துக்குப் பின்னால் ஆரோக்கியமேரி பெருக்கிக்கொண்டிருந்தாள். நடை முன்னைவிட மோசம். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாள். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள், என் சுவரில்.

“வாங்கண்ணே. ஒங்க பேரு இன்னும் நிக்கிது பாருங்க, ஒரு கீறல் இல்ல.”

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். இப்போது வேலை காண்டிராக்டுக்குப் போய்விட்டது. காலை ஏழு மணிக்குள் நூலக வாசலில் மெஷினில் விரல் வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று தடவை பிந்தினால் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு மாதம் பிறந்து எட்டு நாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது. சுவருக்கு மேலே கையைக் காட்டினாள். சந்தில் ஒரு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“அந்தா தெரியிது பாருங்க பச்சைச் சேல, அது என்னோடதுதான். கண்ணுக்குத் தெரியிது. கால் வந்து சேர முக்கா மணி நேரம் ஆகுது.”

நிவேதா அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பின்பக்கத்தைத் திறக்கலாம் என்று அவளும் முதலிலேயே கேட்டாளாம். அதே பழைய பதிவாளர்தான், அந்தப் பக்கத்து ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றாராம். அவர்கள்தான் தினமும் உள்ளே வந்து உங்கள் அறையைப் பெருக்குகிறார்கள் என்று எதிரில் சொல்ல முடியவில்லையாம். “ஒரே வழிதான் இருக்கு ஐயா. அந்தச் சுவர் ஆபத்துன்னு யாராவது சொன்னா அடுத்த நாளே இடிச்சிருவாங்க. ஆனா அது யானை மாதிரில்ல நிக்குது” என்றாள்.

யானைதான். யார் கட்டியது?

நான்கு நாள் கழித்துக் கூட்டம். ஏசி அறை, பிஸ்கட், தண்ணீர்ப் பாட்டில். இதில் லேபிள் இருந்தது. பதிவாளர், நிவேதா, இப்போதைய இன்ஜினியர் தம்பி, பழைய ஆள் என்ற முறையில் தேவசகாயம் ஐயா, நான். ஐயாவுக்கு முடி நரைத்திருந்தது. பையில் பேனாவும் ஸ்போக்கும் அப்படியே இருந்தன. அவரிடம் நான் முன்கூட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கே தைரியம் போயிருக்கும்.

முன்பக்கத்துக் குழாய், கேபிள் எல்லாம் காட்டிக் கொடுத்தேன். பதிவாளர் என் ஞாபகசக்தியைப் பாராட்டினார். நாற்பது வருட அனுபவம் சும்மாவா என்று நானும் ஒத்துக்கொண்டேன். பிறகு பின்பக்கம் சுவரில் மாற்றமில்லை என்று குறித்துக்கொண்டார்.

“அந்த முப்பது அடிய மட்டும் நம்ப வேணாங்க” என்றேன்.

“ஏன்?”

“அது நான் சரியாக் கட்டல.”

இதை எழுதும்போதும் கை ஒரு நிமிடம் நின்றது. அன்றைக்கு நாக்கு அப்படித்தான் நின்று நின்று போனது. கரிசல் மண்ணில் ஒன்றரை அடிதான் தோண்டினேன், கம்பி வெளியே தெரிந்தது மட்டும்தான், உள்ளே பாதி இடத்தில் இல்லை, அவசரத்தில் செய்தது, இரண்டு மழைக்கு மண் உப்பினால் நூலகப் பக்கம் சாயும், பிள்ளைகள் அதன் நிழலில்தான் உட்காருகிறார்கள் என்றேன். ஒவ்வொரு பொய்யையும் சொல்லும்போது அந்த இடத்தில் நான் உண்மையில் செய்த வேலை கண்ணுக்குள் வந்து நின்றது.

பதிவாளருக்கு முகம் சிவந்தது. “நாற்பது வருஷ அனுபவம்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“அனுபவம் இருந்ததாலதான் ஒங்க யாருக்கும் தெரியாமக் கட்ட முடிஞ்சது.”

இன்ஜினியர் தம்பி புத்திசாலி. அதுதான் பிரச்சினை. அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்துவிடலாமே, அரை நாள் வேலை என்றான். தோண்டினால் நாலரை அடிக்கு என் யோக்கியதை வெளியே வந்துவிடும். நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவாளர் தேவசகாயம் ஐயா பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க செக் பண்ணித்தானே ஒப்புதல் குடுத்தீங்க? அப்ப சரியாத்தானே இருந்தது?”

ஐயா பையிலிருந்து ஸ்போக்கை எடுத்தார். கைக்குட்டையை எடுத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தார். பொய் சொல்லி நான் பார்த்திராத மனிதர். வளாகச் சுவருக்குப் பிராந்தி பாட்டில் வாங்கியதைக்கூட மதுவிலக்கு மன்றக் குறிப்பில் எழுதி வைத்தவர். அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு டீ வந்தது. டீத்தட்டை ஏந்தி வந்தது ஆரோக்கியமேரி. ஆள் பற்றாத நாளில் அந்த வேலையும் அவளுக்குத்தான். தட்டு ஆடாமல் இருப்பதற்காக ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தாள். கதவிலிருந்து மேசைக்கு எட்டு அடி தூரம் இருக்கும். ஐயா அவள் வந்து சேரும் வரைக்கும் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டார். அவள் வெளியே போன பிறகு ஸ்போக்கைப் பையில் வைத்தார்.

“தோண்ட வேண்டாம். அன்னைக்கே ஸ்போக் உள்ள போச்சு. ஓய்வு பெறுற நேரம், நான் எழுதாம விட்டுட்டேன். மேஸ்திரி மேல மட்டும் தப்பு இல்ல” என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. ஐயாவின் ஸ்போக்குக்கு மேல் அந்த வளாகத்தில் மறு சோதனை கிடையாது. ஒரு வாரத்துக்குள் இடிக்க வேண்டும் என்று பதிவாளர் எழுதினார். மறுபடி சுவர் கட்டப் புது ஒப்புதல் வாங்க வேண்டும்; அது வரும் வரைக்கும் முன்பக்கத்துக்கு வாங்கிய கல்லில் மிச்சத்தை வைத்து ஒரு திண்டும் பாதையும் தற்காலிகமாகப் போட்டுவிடலாம் என்று நிவேதா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். காவலுக்கு ஒரு ஆள் போட்டால் சரி என்றார் பதிவாளர். இந்த ஊரில் தற்காலிகம் என்று எழுதிய எதையும் யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை. மற்றபடி, மேஸ்திரி தரமில்லாமல் கட்டியதாக அவரே ஒப்புக்கொண்டார் என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நேராக இருக்கும்.

மூன்றாம் தடவை விரல் பிந்துவதற்குள் சுவர் விழ வேண்டுமே என்றுதான் எனக்கு அந்த வாரம் முழுவதும் இருந்தது. காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பி, ரோட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்ததாகப் பிறகு சொன்னாள்.

இடிக்கிற அன்றைக்கு ஜேசிபி ஓட்ட வந்தவன் அலங்காநல்லூர்க்காரன், பெயர் பாண்டி. அழுகின சுவர் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். பத்து நிமிட வேலை, அடுத்த இடத்துக்குப் பத்து மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறினான். முதல் குத்துக்கு வண்டியின் பின் சக்கரம் தூக்கியது, சுவரில் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவது குத்துக்கு வண்டி நகர்ந்தது. பதினோரு மணிக்கு ஜேசிபி வாளியின் இரும்புப் பல் ஒன்று கழன்று விழுந்தது. பாண்டி இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்த்தான்.

“நாலு வருசம் வாடிவாசல்ல ஜல்லிக்கட்டு மாடு அணைஞ்சிருக்கேண்ணே. இம்புட்டு முரட்டுத்தனமா எதுவும் நின்னதில்ல. எவன்ணே கட்டுனது இத?”

நான் வாயைத் திறந்தேன். பத்தடி தள்ளி இன்ஜினியர் தம்பி நின்றான். சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எவனோ வேல தெரியாதவன். சிமெண்ட அளவில்லாமக் கொட்டிருக்கான்” என்றேன்.

இன்ஜினியர் தம்பி செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான். போன் அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை. புத்திசாலி என்று முன்பே சொன்னேன்.

மாலை நாலு மணிக்குத்தான் கடைசித் தூண் விழுந்தது. தேவசகாயம் ஐயா குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். விழுந்து கிடந்த துண்டு ஒன்றின் முன்னால் குனிந்து, கலவைச் சந்தில் ஸ்போக்கை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். ஸ்போக் வில் மாதிரி வளைந்துவிட்டது. அதை எனக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, வளைந்தபடியே பையில் செருகிக்கொண்டார். பாராட்டு என்று என் தொழிலில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். சான்றிதழ் கேட்கிறவர்கள் அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதுங்க மேஸ்திரி. எனக்கும் சேத்து எழுதுங்க” என்றார்.

திண்டு நான் நின்று கட்ட வைத்தது. படி வைத்து வரைந்திருந்தார்கள். படி வேண்டாம், முட்டி மடங்காதவர்களும் வருவார்கள், சரிவு போடு என்றேன். போட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று பதிவாளர் பயந்தார் அல்லவா, முதல் நாள் வந்தது ஒரு ஆடு. காவல்காரர் அதனிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. இப்போது தறி நிற்கிற நேரத்தில் நெசவுக்காரர்கள் வந்து திண்டில் உட்காருகிறார்கள், மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களிடமே டீக்கு வழி கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களைப் பதிவாளரே கூட்டி வந்து, இது எங்கள் யோசனை என்று காட்டுவதாகக் கேள்வி.

திறந்த மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நான் அங்கே போய் நின்றேன். சும்மாதான். ஆரோக்கியமேரி சந்திலிருந்து வந்தாள். வாளி இடுப்பில். சரிவில் ஏறி, திண்டுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, முன்பு சுவர் இருந்த வெட்டவெளியை ஒரு தடவை பார்த்தாள்.

“கேள்விப்பட்டேண்ணே. நல்லவேள, நீங்க இத ஒழுங்காக் கட்டாம விட்டீக.”

நாலரை அடி, ஜல்லிக் கான்கிரீட், கருங்கல், பெல்ட், ஆறடிக்கு ஒரு தூண், பதினாலு நாள் ஈரச் சாக்கு. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

“ஆமாத்தா. அவசரத்துல கட்டுனது” என்றேன்.

அவள் விரல் வைக்கப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.